காலி மைதானத்தில் என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் வேறு ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே ஒரு வரி எழுதியிருந்தேன். பழைய விளையாட்டு அரங்கம் ஒன்றை ஆட்டம் இல்லாத நாளில் வழிகாட்டியோடு உள்ளே போய்ச் சுற்றிப் பார்ப்பது, அங்கே ஆட்டம் பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை என்பதுதான் அந்த வரி. அதற்கு இத்தனை பேர் சண்டைக்கு வருவீர்கள் என்று நினைக்கவில்லை. சரி, இந்த இதழ் முழுக்க அதுவே. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தேர் போன பிறகு தெருவைப் பார்க்கப் போகிற ஆள் நீங்கள் ஒருவர்தான் சார். ஆட்டமும் இல்லை, ஆடுகிறவர்களும் இல்லை. அப்படி உள்ளே என்னதான் காட்டுகிறார்கள்?

தேர் நிற்கும்போது தெருவை யார் பார்த்தார்கள், அதைச் சொல்லுங்கள் முதலில். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தை நீங்களும் நானும் டிவியில் எத்தனை முறை பார்த்திருப்போம்? அந்த மைதானம் சாய்வானது என்பதை எப்போதாவது கண்ணால் உணர்ந்திருக்கிறீர்களா? ஒரு பக்க எல்லைக்கோட்டுக்கும் எதிர்ப் பக்க எல்லைக்கோட்டுக்கும் உயரத்தில் சுமார் இரண்டரை மீட்டர் வித்தியாசம். அதாவது எதிர்ப் பக்கம் நிற்கிற ஃபீல்டர் உங்கள் தலைக்கும் மேலே நிற்கிறார். கேமரா இதைத் தட்டையாக்கிவிடும். காலியான மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால்தான், பெவிலியன் முனையிலிருந்து வீசுகிற பந்து வலது கை ஆட்டக்காரருக்கு ஏன் தானாகவே உள்ளே வருகிறது, எதிர் முனையிலிருந்து வீசினால் ஏன் வெளியே போகிறது என்பதெல்லாம் சட்டென்று புரியும். வர்ணனையாளர்கள் வருஷக்கணக்கில் சொல்லியும் எனக்கு ஏறாத விஷயம் அது.

இன்னொன்று. லார்ட்ஸில் பேட்டிங் செய்யப் போகிறவர் டிரெஸ்ஸிங் ரூமை விட்டு நேராக மைதானத்துக்குள் வந்துவிட முடியாது. படி இறங்கி, லாங் ரூம் என்கிற நீண்ட கூடத்துக்குள் நுழைந்து, இரண்டு பக்கமும் நிற்கிற கிளப் உறுப்பினர்களைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். 1975 இல் டேவிட் ஸ்டீல் என்கிற இங்கிலாந்துக்காரர், தன் முதல் டெஸ்ட், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பேட்டிங், அந்தப் பதற்றத்தில் ஒரு மாடி கூடுதலாக இறங்கிக் கீழே இருக்கிற கழிப்பறைக்குப் போய்விட்டார். அப்புறம் வழி கண்டுபிடித்து மேலே வந்து அரைசதமும் அடித்தார் என்பது வேறு கதை. இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும். அந்தப் படிக்கட்டில் நீங்களே இறங்கிப் பார்த்தால் சிரிப்பு வராது, ‘நானாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்’ என்று தோன்றும்.

பொதுவாக எந்த அரங்கமானாலும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுதான். டிரெஸ்ஸிங் ரூம், மைதானத்துக்குப் போகிற டன்னல், மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம், பத்திரிகையாளர் அறை, முக்கியஸ்தர்கள் உட்காரும் மாடம், கடைசியில் அருங்காட்சியகம். மொத்தம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். இதில் முக்கியஸ்தர் மாடத்தை வேகமாகக் கடந்துவிடலாம், நல்ல நாற்காலி எல்லா ஊரிலும் நல்ல நாற்காலிதான். நின்று பார்க்க வேண்டியது, யாரும் கவனிக்காத இடைவெளிகள். சக்கரம் வைத்த பெரிய பெரிய விளக்குச் சட்டங்கள் புல்லின் மேல் நின்று எரிந்துகொண்டிருக்கும். எதற்கு? கூரை உயர உயர, தரையில் வெயில் விழுவதில்லை, ஆகவே புல்லுக்கு விளக்கு வெளிச்சம் போட வேண்டியிருக்கிறது. ஆட்டத்தன்று அந்த விளக்குகளை நீங்கள் பார்க்கவே முடியாது.

கேள்வி: டிரெஸ்ஸிங் ரூமில் பெரிய ஆட்டக்காரர்களின் சட்டையை வரிசையாக மாட்டிவைத்திருக்கிற படங்களைப் பார்த்தேன். அது நிஜமாகவே அவர்கள் உட்காரும் இடமா, நமக்காகப் போட்ட செட்டா?

இரண்டும்தான். அறை பெரும்பாலும் நிஜம், சட்டை நமக்காக மாட்டியது. ஆட்டத்தன்று அந்த அறையில் சட்டைகளைவிட ஈரத் துண்டும், மருந்து வாசனையும், காலில் ஒட்டுகிற பிளாஸ்டர் சுருள்களும்தான் அதிகம் இருக்கும். அவற்றை யாரும் காட்ட மாட்டார்கள்.

நீங்கள் சந்தேகப்பட்டது நல்ல விஷயம், அதை விட்டுவிடாதீர்கள். பழைய அரங்கம் என்று சொல்லி உள்ளே கூட்டிப்போகிற இடங்களில் பாதிக்கு மேல் இடித்துக் கட்டியவை. லண்டனில் 1923 இல் திறந்த வெம்ப்ளி கால்பந்து அரங்கத்தில் ஒரு செங்கல்கூட இன்றைய வெம்ப்ளியில் நிற்கவில்லை, இப்போது இருப்பது 2007 இல் திறந்தது. அங்கே போனால் நான் தேடிப் பார்க்கச் சொல்வது பளபளக்கும் வளைவையோ மாடத்தையோ அல்ல, காட்சிக்கு வைத்திருக்கிற ஒரு கோல் கம்பத்தின் மேல்சட்டத்தை. 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து மேலே மோதிக் கீழே விழுந்ததே, கோடு தாண்டியதா இல்லையா என்று இன்னும் இங்கிலாந்துக்காரர்களும் ஜெர்மனிக்காரர்களும் வாதாடிக்கொண்டிருக்கிறார்களே, அந்தச் சட்டம். ஒரு கட்டை. அவ்வளவுதான். ஆனால் நிஜக் கட்டை.

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ஓல்ட் டிராஃபோர்டிலும் இதே கதை. 1910 இல் கட்டியது, 1941 இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் பெரும்பகுதி போய்விட்டது. அந்த 1910 கட்டடத்தில் மிச்சம் இருப்பது, ஆட்டக்காரர்கள் முன்பு வந்துபோன குறுகலான பழைய டன்னல் மட்டும்தான். இப்போது ஆட்டக்காரர்கள் வருவது வேறு, அகலமான வழியாக. அந்தப் பழைய டன்னலில் நிற்கும்போது கூட்டத்தில் பாதிப் பேர் புது டன்னல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

பாஸ்டனின் ஃபென்வே பார்க் இன்னும் சுவாரசியமான ரகம். 1912 இல் திறந்த பேஸ்பால் மைதானம், பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு நாற்காலி மட்டும் சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி, அதாவது 150 மீட்டருக்கும் மேல் பறந்துபோய், அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரின் வைக்கோல் தொப்பியைக் கிழித்தது என்பது வரலாறு. வழிகாட்டி இதைச் சொல்லும்போது எல்லோரும் அந்த நாற்காலியைப் படம் எடுப்பார்கள். ஆனால் அன்றைக்கு அந்தப் பகுதியில் தனித்தனி நாற்காலியே கிடையாது, பெஞ்சுதான். சிவப்பு நாற்காலி போட்டது 1984 இல். அதன் பிறகு வந்த டேவிட் ஆர்ட்டிஸ் மாதிரியான பலசாலிகளோ, அவ்வளவு தூரம் அடிக்கவே முடியாது என்று வெளிப்படையாகவே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை. பந்து நிஜம், தொப்பி நிஜம், நாற்காலி பின்னால் வந்தது. எது எப்போது வந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் போதும். வழிகாட்டியிடம் ‘இந்த அறையில் இருப்பதிலேயே பழசு எது?’ என்று ஒரே கேள்வி கேளுங்கள், முகம் மாறிவிடும். மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் பேச ஆரம்பிப்பார்.

கேள்வி: லார்ட்ஸ் டிரெஸ்ஸிங் ரூம் கௌரவப் பலகையில் சச்சின் பெயர் இல்லையாமே? நம்பவே முடியவில்லை. அப்புறம் அந்தப் பலகைக்கு என்ன மரியாதை?

இல்லைதான். டெஸ்டில் சதம், அல்லது ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட், அல்லது ஒரு ஆட்டத்தில் பத்து விக்கெட், இந்த மூன்றில் ஒன்று செய்தால்தான் பெயர் ஏறும். சச்சின் லார்ட்ஸில் ஐந்து டெஸ்ட் ஆடினார், அதிகபட்சம் 37. 1998 இல் டயானா நினைவாக நடந்த ஆட்டத்தில் அங்கேயே 125 அடித்தார், ஆனால் அது டெஸ்ட் இல்லை, பலகைக்குக் கணக்கு அது அல்ல. அவர் மட்டுமா? லாரா இல்லை, பாண்டிங் இல்லை, பந்துவீச்சில் வார்னே இல்லை. கவாஸ்கர்? அவரும் இல்லை. 1987 இல், லார்ட்ஸின் சொந்தக்காரரான எம்சிசி கிளப்பின் இருநூறாவது ஆண்டு ஆட்டத்தில் 188 அடித்தார், அதுவும் டெஸ்ட் இல்லை.

ஆனால் அஜித் அகர்கர் இருக்கிறார்! 2002 இல், இந்தியா தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில், எட்டாவதாக இறங்கி 109, ஆட்டமிழக்கவில்லை. அவர் டெஸ்ட் வாழ்க்கையில் அடித்த ஒரே சதம் அதுதான், அதைப் போய் அந்த மைதானத்தில் அடித்துவைத்தார். வெங்சர்க்கார் பெயர் மூன்று முறை இருக்கிறது: 1979, 1982, 1986. இந்தியா தன் முதல் டெஸ்ட்டை ஆடியதே லார்ட்ஸில்தான், 1932 இல். அந்த ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்த முகமது நிசார் பெயரும் அங்கே இருக்கிறது. வினு மன்கட் 1952 இல் ஒரே டெஸ்டில் ஐந்து விக்கெட்டும் எடுத்து, 72, 184 என்று ரன்னும் குவித்து, பேட்டிங் பலகை, பந்துவீச்சுப் பலகை இரண்டிலும் ஏறியவர்.

அந்தப் பலகைக்கு என்ன மரியாதை என்று கேட்கிறீர்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருப்பதே இதனால்தான். அது பெரிய ஆளா சின்ன ஆளா என்று பார்ப்பதில்லை, அன்றைக்கு, அந்த இடத்தில், நீ என்ன செய்தாய் என்று மட்டும் பார்க்கிறது. உட்கார்ந்து கால்கவசம் கட்டிக்கொண்டே தலை தூக்கினால் கண்ணில் படுகிற உயரத்தில் பலகை. வெளிநாட்டு அணிகளுக்கு அவர்கள் அறையில் தனியாக ஒன்று. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் ஒவ்வொரு முறை வரும்போதும் தன் பெயர் இல்லாத பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். அந்த பெஞ்சில் நானும் உட்கார்ந்து தலை தூக்கிப் பார்த்தேன். பெயர்களை வாசிக்க ஆரம்பித்தால் வெளியே கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. 2019 இல் ஒருநாள் ஆட்டங்களுக்கும் பலகை வைத்துவிட்டார்கள். எனக்கு அது தேவையில்லை என்று தோன்றுகிறது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்.

கேள்வி: காசு கட்டி உள்ளே போனேன். மைதானத்துப் புல்லில் ஒரு கால், ஒரே ஒரு கால் வைத்ததற்கு அந்த வழிகாட்டி எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கத்தினார். இது என்ன நியாயம்? ஒரு கால் பட்டால் புல் செத்துவிடுமா?

உங்கள் ஒரு காலில் சாகாது. ஆனால் கணக்குப் பாருங்கள்: ஒரு குழுவுக்கு 20 பேர், நாளைக்குப் பத்துக் குழு என்றால் 200 பேர். 200 பேரும் எங்கே கால் வைப்பார்கள்? டன்னலை விட்டு வெளியே வருகிற அந்த இரண்டு சதுர மீட்டரில்தான், ஏனென்றால் எல்லோருக்கும் படம் அங்கேதான் வேண்டும். நாற்பது ஆட்டங்களில் படாத அடி அந்த இடத்துக்கு ஒரு வாரத்தில் பட்டுவிடும். இலை மிதிபடுவதல்ல பிரச்சினை, மண் இறுகுவதுதான். இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, வேருக்குக் காற்று போகாது.

அதுவும் இன்றைய மைதானத்துப் புல் நம் வீட்டு முன்னால் முளைக்கிற ஜாதி அல்ல. பெரிய கால்பந்து அரங்கங்கள் பலவற்றில் நிஜப் புல்லோடு செயற்கை இழைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். சுமார் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, இரண்டு இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் ஊசி மாதிரி இறக்குவார்கள். மொத்தத்தில் செயற்கை இழையின் பங்கு மூன்று சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் நிஜப் புல்லின் வேர் அதைச் சுற்றிப் பின்னிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். விம்பிள்டனில் இன்னும் கெடுபிடி. போட்டியின்போது புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர், ரைகிராஸ் என்கிற ஒரே வகைப் புல்தான், 2001 இலிருந்து அப்படி. சென்டர் கோர்ட்டில் வருஷத்தில் ஆடுகிற நாட்கள் மிகக் குறைவு. மற்ற நாட்கள் எல்லாம் அந்தச் சில நாட்களுக்காகப் புல்லை வளர்ப்பதிலேயே போகிறது.

கத்தியது தப்புதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நானும் மிதித்திருக்கிறேன். எந்த அரங்கம் என்று சொல்ல மாட்டேன். படம் எடுக்கப் பின்னாலேயே நடந்து நடந்து, ஒரு கட்டத்தில் காலுக்கடியில் மெத்தென்று ஆனது. திரும்பிப் பார்த்தால், புல் வெட்டுகிற மெஷினில் உட்கார்ந்திருந்த பெரியவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களைக் கத்தியவர் தேவலை.

கேள்வி: அம்மாவுக்குக் கால்பந்து என்றால் உயிர். ஆனால் முழங்கால் வலி, படி ஏற முடியாது. கூட்டிப்போகலாமா?

தாராளமாகப் போகலாம், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே படி ஏற முடியாத ஒருவர் வருகிறார் என்று தெரிவித்துவிட்டால், பல அரங்கங்களில் லிஃப்ட் வழியாக வேறு பாதையில் கூட்டிப்போவார்கள். அதே நாள் வாசலில் போய்ச் சொன்னால் குழுவை நிறுத்திவைத்து யோசிப்பார்கள், அம்மாவுக்குச் சங்கடமாக இருக்கும். பழைய கட்டடம் என்றால் சில அறைகளுக்கு லிஃப்டே இருக்காது. எந்தெந்த இடம் விட்டுப்போகும் என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் ‘அது உங்களால் முடியாதும்மா’ என்று கேட்பதைவிட அது நல்லது. புதிய வெம்ப்ளியில் கோப்பை வாங்க ஆட்டக்காரர்களே 107 படி ஏற வேண்டும். 120 நிமிடம் ஓடியவர்களே அந்தப் படியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள், அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கூரைமேல் நடக்கவைக்கிற சுற்றுகள் சில இடங்களில் தனியாக உண்டு, டப்ளினின் குரோக் பார்க்கில் இருக்கிறது. அது வேண்டாம். அப்புறம், குழுவில் முதல் ஆளாக நடக்கவிடுங்கள். வேகமாக நடப்பவர்கள் பின்னால் வந்தால் வழிகாட்டியின் வேகம் அம்மாவின் வேகமாகிவிடும்.

கேள்வி: எட்டு வயதுப் பையன். பத்தாவது நிமிடத்தில் ‘போலாம்’ என்று ஆரம்பித்துவிடுவான். என்ன செய்வது?

வரலாறு சொல்லாதீர்கள், குருவியைக் காட்டுங்கள். லார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் பாடம் செய்த ஒரு சிட்டுக்குருவி பந்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 1936 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக ஜஹாங்கீர் கான் வீசிய பந்தில் அடிபட்டுச் செத்த குருவி அது. இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியில் ஆடியவர் அவர். அதே அருங்காட்சியகத்தில் ஆஷஸ் கிண்ணமும் இருக்கிறது, பையன்கள் அதன் பக்கத்தில் போய் ‘இவ்வளவுதானா?’ என்பார்கள். ஆமாம், உள்ளங்கை அளவுதான்.

விம்பிள்டன் என்றால் சென்டர் கோர்ட்டை விட்டுவிட்டு 18 ஆம் எண் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். 2010 இல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹுவும் மூன்று நாளாக 11 மணி 5 நிமிடம் ஆடிய இடம், கடைசி செட் 70–68. நடுவில் 47–47 வந்ததும் ஸ்கோர் போர்டு அதோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் எண்ண அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மெஷின் தோற்ற கதை எந்தப் பையனுக்கும் பிடிக்கும். அப்புறம் பத்திரிகையாளர் அறை. மைக் முன்னால் உட்காரவைத்து நீங்கள் நிருபராகக் கேள்வி கேளுங்கள், அங்கேயிருந்து அவனைக் கிளப்புவதுதான் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: எந்த நாள், எந்த நேரம் போனால் நல்லது?

ஆட்டம் இருக்கிற நாளிலும் பல இடங்களில் அதற்கு முந்தின நாளிலும் சுற்று கிடையாது, அல்லது பாதி அறை பூட்டியிருக்கும். இசை நிகழ்ச்சி இருந்தாலும் அப்படித்தான், மைதானம் முழுக்கப் பலகை பரப்பிப் புல்லையே பார்க்க முடியாது. வேலை நாளில், காலை முதல் சுற்று. குழு சின்னதாக இருக்கும், வழிகாட்டிக்கும் தொண்டை கட்டியிருக்காது. இன்னொன்று, இடித்துக் கட்டும் வேலை நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவின் கேம்ப் நௌ மாதிரி பெரிய அரங்கங்களில் அது வருஷக்கணக்கில் இழுக்கும். மைதானம் பார்க்கப் போய் அருங்காட்சியகம் மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைய.

கேள்வி: வழிகாட்டி ‘கேள்வி இருக்கிறதா?’ என்றார். எங்கள் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. என்ன கேட்பது?

எத்தனை பேர் உட்காரலாம், எப்போது கட்டினார்கள், இந்த இரண்டையும் கேட்காதீர்கள். அது டிக்கெட்டிலேயே இருக்கும். வேலையைப் பற்றிக் கேளுங்கள். அரங்கம் என்பது பலர் வேலை பார்க்கிற இடம், ஆடுகிறவர்கள் அதில் கொஞ்சம் பேர்.

மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது? இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் களிமண் தரையாக இருந்த மைதானங்களைத் தோண்டி, மணல் போட்டு, அடியில் குழாய் பதித்த கதை வரும். ஸ்கோர் போர்டை யார் மாற்றுகிறார்கள்? ஃபென்வே பார்க்கில் பச்சை அரக்கன் என்று பெயர் வைத்த 37 அடி உயரச் சுவர் ஒன்று இருக்கிறது, அதற்குள்ளே ஆட்கள் உட்கார்ந்து இன்னும் கையால் எண் பலகையை மாற்றுகிறார்கள். உள்ளே கழிப்பறை கிடையாது. சுவரெல்லாம் அங்கே எட்டிப்பார்த்த ஆட்டக்காரர்களின் கையெழுத்து. வெளியே அந்தப் பலகையில் செங்குத்தாகச் சில புள்ளிகளும் கோடுகளும் இருக்கும், அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம். அது மோர்ஸ் தந்திக் குறி, பழைய உரிமையாளர் தம்பதியின் பெயர்களின் முதலெழுத்துகள்.

எதிரணியின் அறை எங்கே என்று கட்டாயம் கேளுங்கள், சொந்த அணியின் அறையைவிட அதில்தான் கதை அதிகம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் அரங்கத்தில் எதிரணி அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தார் பயிற்சியாளர் ஹேடன் ஃப்ரை. அவர் மனவியல் படித்தவர், அந்த நிறம் ஆட்களைச் சாந்தப்படுத்தும் என்பது அவர் கணக்கு. பலித்ததோ இல்லையோ, எதிரணிப் பயிற்சியாளர்கள் அதைப் பற்றிக் கோபப்பட்டாலே பாதி வேலை முடிந்தது. லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் டன்னலில் ‘இது ஆன்ஃபீல்டு’ என்று ஒரு பலகை. பழைய பயிற்சியாளர் பில் ஷாங்க்லி வைத்தது, வருகிறவனுக்குக் கொஞ்சம் நடுங்கட்டும் என்று. சொந்த ஆட்டக்காரர்கள் அதைத் தொட்டுவிட்டு இறங்குவது வழக்கம். பின்னால் வந்த பயிற்சியாளர் கிளாப், ஏதாவது ஒரு கோப்பை ஜெயிக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று தன் ஆட்களுக்குத் தடை போட்டார். சுற்றிப் பார்க்க வந்த நாம் மட்டும் எதையும் ஜெயிக்காமல் தாராளமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறோம்.

காவலர் அறை எங்கே என்றும் கேட்கலாம். ஃபிலடெல்ஃபியாவில் இப்போது இல்லாத ஓர் அரங்கத்தில், ரசிகர்கள் அடித்துக்கொண்டது தாங்காமல், அடித்தளத்திலேயே நீதிபதியை உட்காரவைத்து நீதிமன்றம் நடத்தினார்கள். 2004 இல் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், இல்லாவிட்டால் நான் முதலில் பார்க்கப் போவது அதுவாகத்தான் இருக்கும்.

மெல்பர்ன் மைதானத்தில் சுற்றிக் காட்டுகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அங்கே இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: ‘ஆட்டத்தன்று நீங்கள் எங்கே உட்காருவீர்கள்?’ 1877 இல் முதல் டெஸ்ட், 1971 இல் முதல் ஒருநாள் ஆட்டம், 1956 இல் ஒலிம்பிக் என்று எல்லாம் நடந்த இடம் அது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தன் இடம் எது, பக்கத்தில் யார் உட்காருவார், எந்த நாளில் அழுதார் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

கேள்வி: ஆட்கள் செத்துப்போன அரங்கங்களையும் இப்படிச் சுற்றிக் காட்டுகிறார்களே. அங்கே போய் நின்று படம் எடுத்துக்கொள்வது சரியா?

போவது சரி என்றுதான் நினைக்கிறேன். குரோக் பார்க்கில் 1920 நவம்பர் 21 அன்று ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்து சுட்டதில் 14 பேர் இறந்தார்கள். ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் ஹோகனும் அதில் ஒருவர். அங்கே ஒரு கேலரிக்கே அவர் பெயர். இது தெரியாமல் வெறும் ‘ஹோகன் ஸ்டாண்டு’ என்று கேட்டுவிட்டுப் போவதுதான் எனக்குத் தப்பாகப் படுகிறது. ஓல்ட் டிராஃபோர்டின் வெளிச்சுவரில் 1958 பிப்ரவரி 6 என்ற தேதியோடு ஒரு கடிகாரம் இருக்கிறது, மியூனிக் விமான விபத்தில் போன அந்த அணியின் ஆட்டக்காரர்களுக்காக. அதன் கீழே நின்று சிரித்துப் படம் எடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்கிறார்கள், வழிகாட்டி முதலில் சொல்லிவிட்டால் யாரும் சிரிப்பதில்லை. ஆன்ஃபீல்டில் ஹில்ஸ்பரோ என்கிற வேறோர் அரங்கத்து நெரிசலில் இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் பெயர்களும் இருக்கின்றன. அங்கே நான் போனைப் பையில் வைத்துவிடுவேன், பெயர்களையும் வயதையும் வாசிப்பேன். பதினைந்து, பதினாறு வயது என்று வரும்.

கேள்வி: ஒரே ஒரு அரங்கத்துக்குத்தான் போக முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்? லார்ட்ஸ்தானே?

எழுதியதை வைத்து அப்படி நினைத்துவிட்டீர்கள். இல்லை, ஏதென்ஸின் பனாதினைக்கோ. கிரிக்கெட்டும் இல்லை, கால்பந்தும் இல்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டிலிருந்தே அங்கே ஓட்டப்பந்தயம் நடந்திருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முழுக்க வெள்ளைச் சலவைக்கல்லில் கட்டினார்கள், பிறகு மண்மூடிப் போனது, தோண்டியெடுத்து 1896 இல் முதல் நவீன ஒலிம்பிக்கை அங்கே நடத்தினார்கள். குதிரை லாடம் மாதிரி நீண்டு குறுகிய வடிவம், வளைவு அவ்வளவு இறுக்கம், ஓடுகிறவர்கள் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அதுவும் 1896 இல் இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறாக, கடிகாரம் சுற்றுகிற திசையில் ஓடினார்கள். மாரத்தானில் ஸ்பிரிடான் லூயிஸ் ஓடி முடித்தது அங்கேதான். 2004 இலும் மாரத்தான் முடிந்தது அதே தளத்தில்தான்.

உள்ளே கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டாம், காதில் மாட்டுகிற ஒலி வழிகாட்டி போதும். வளைவுக்குப் பக்கத்தில் மலைக்குள் போகிற பழைய வளைவுச் சுரங்கம் ஒன்று இருக்கிறது, அதன் வழியாகப் போனால் ஒலிம்பிக் தீப்பந்தங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வெயிலில் கல் கண்ணைக் கூசும், தொப்பி கட்டாயம். கல்லில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுபடி கீழே இறங்கி வாருங்கள். புல்லில் கால் வைத்ததற்குத் திட்டு வாங்கிய நண்பரே, இது உங்களுக்கு: அங்கே ஓடுதளத்தில் நடக்கலாம், மூச்சு இருந்தால் ஒரு சுற்று ஓடலாம், முடித்துவிட்டு வெற்றி மேடையில் முதல் இடத்தில் ஏறியும் நிற்கலாம். ஒருவரும் கத்த மாட்டார்கள்.